மண்டையோட்டில் எட்டுக் கோடுகள்

எங்கள் சுகோயார் ஊரில் காவிப் பட்டை இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது உலியானாவின் வீடு. மற்ற வீடுகளிலெல்லாம் ஈஸ்டருக்கு முன்னால் சுவருக்கு வெள்ளையடித்து, அடியில் முழங்கால் உயரத்துக்கு ஓடைக்கரைச் செம்மண்ணைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். குடிகாரன் வீட்டில்கூட எப்படியாவது அது ஏறிவிடும். உலியானாவின் சுவர் மட்டும் அடிவரைக்கும் வெள்ளையாக, பாவாடை கட்ட மறந்தவள் மாதிரி நிற்கும்.

இத்தனைக்கும் அவள் சோம்பேறி இல்லை. எங்கள் ஊரிலேயே பெரிய சுத்தக்காரி அவள்தான். சாப்பாட்டு மேசையை மணல் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே நடுவில் பள்ளமாக்கியவள். அந்தச் சுத்தம்தான் அவளைக் கெடுத்தது என்றால் யார் நம்புவார்கள்? ரொம்ப நாள் வரைக்கும் அவளும் அவள் புருஷன் பனாஸும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

எங்கள் ஊரில் எலும்புக்கு என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. மழையில் ஓடைக்கரை இடிந்தால் போதும், கட்டை மாதிரி ஒரு கால் எலும்பு எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூட வாத்தியார் அதை எப்போதோ அழிந்துபோன மாமூத் யானையுடையது என்பார். ஊர்க்காரர்களுக்கு அது ராட்சதன் எலும்பு. பனாஸ் கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறவன். அவன் வீட்டு வெளிக்கதவு அப்படி ஒரு தொடை எலும்பில்தான் தொங்கியது. உலியானாவின் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு கடைவாய்ப்பல். வரிவரியாக, இரண்டு செங்கல் கனம். நாற்பத்து மூன்றில் ஜெர்மன்காரன் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனபோது, மரம் கிடைக்காமல் பாதிப் பேர் வீட்டு மூலைகளுக்கு அடியில் இந்த எலும்புகளைத்தான் கொடுத்தார்கள்.

அப்படி மேலே வீடு எழுப்புவதற்கு முன் இரண்டு குளிர்காலத்தை உலியானாவும் அவள் அம்மாவும் மண்ணைத் தோண்டி, குழிக்குள் கழித்தார்கள். அந்தக் குழிச் சுவருக்கும் அம்மா செம்மண் பூசினாள். உலியானாவுக்கு எரிச்சலாக வந்தது.

"குழிக்கு எதுக்கும்மா பட்டை? யார் வந்து பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க வேணாம். எலி இருக்கிற குழி இல்ல இது, மனுஷங்க இருக்கோம். அது நமக்குத் தெரிஞ்சா போதும்."

பட்டைக்கு மேலே கோடு கோடாக வேறு போட்டாள். ஒவ்வொரு கோட்டையும் முடிக்கும்போது கையை இடப்பக்கம் ஒரு சுண்டு சுண்டி எடுப்பாள். நுனியில் சின்னதாக ஒரு கொக்கி விழும். இரண்டாவது குளிர்காலத்தில் அம்மா அந்தக் குழியிலேயே இருமி இருமிச் செத்துப்போனாள். அந்தக் கொக்கி உலியானாவின் கைக்கு வந்துவிட்டது.

அறுபத்தெட்டாம் வருஷம் பக்கத்து வீட்டு ஹோர்பினா உருளைக்கிழங்கு போட்டுவைக்க நிலவறை தோண்டினாள். ஹோர்பினா எங்கள் ஊர்த் தபால்காரி. அவள் கையில் ஒரு கடிதம் கிடைத்தால், அது போய்ச் சேர வேண்டியவருக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவள் மகனுக்கு உலியானா ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'குமா' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நாலு முழம் தோண்டியதும் மண்வெட்டி ஒரு யானைத் தாடையில் இடித்தது. அதைப் பிடுங்கினால் அதற்குக் கீழே இன்னொரு தாடை, அதற்கும் கீழே இன்னொன்று. ஒன்றின் மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் தலைநகர் கீவுக்கு எழுதிப்போட, அங்கிருந்து ஒரு புரொபசரும் ஆறு மாணவர்களும் வந்து இறங்கினார்கள். ஹோர்பினாவின் கொல்லை முழுக்கக் கயிறு கட்டிவிட்டார்கள்.

"கிழங்கு போட குழி தோண்டினேன் குமா. இப்ப என் கொல்லையில எனக்கே கால் வைக்க இடமில்ல. கீழ இன்னொரு குடும்பம் இருந்துச்சாம். வாடகை கேக்கலாம்னா ஆளையும் காணோம்!"

புரொபசர் அர்சேனி விக்தோரொவிச் ஒல்லியான மனுஷர். எப்போதும் தொப்பியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுவார். மாணவர்களுக்குச் சமைத்துப் போடவும் சாமான்களைக் காவல் காக்கவும் உலியானாவை வைத்துக்கொண்டார். அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகத்தான் அவளைக் கூப்பிடுவார். சமையல் முடித்துவிட்டு அவள் குழி விளிம்பில் வந்து நிற்பாள். நாள் ஆக ஆகக் கீழே ஒரு வீடு தெரிய ஆரம்பித்தது. தாடைகளை அடுக்கிய வட்டச் சுவர். கூரைக்கு வளைத்துக் கொடுத்த தந்தங்கள். நடுவில் அடுப்பு, அதில் விறகுக்குப் பதில் எலும்பையே எரித்த கருஞ்சாம்பல். மரம் இல்லாத ஊரில் இருந்ததை வைத்துக் கட்டிக்கொண்டவர்கள். அவளுக்கு அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. அந்த இரண்டு குளிர்காலத்தை அவள் மறந்திருக்கவில்லை.

அக்டோபர் கடைசியில், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கிளம்ப வேண்டிய நாளில், வாசல் பக்கம் ஒரு பெரிய யானை மண்டையோடு வெளிப்பட்டது. மழை பிடித்துக்கொண்டது. நெற்றியில் ஒட்டியிருந்த மண் ஓட்டில் ஒரு ஓரம் கழன்று விழ, அடியில் ஈர எலும்பில் சிவப்பாக இரண்டு கோடு தெரிந்தது. புரொபசர் சேற்றிலேயே மண்டி போட்டுவிட்டார்.

"உலியானா மக்சிமிவ்னா! ஓடி வாங்க! பாருங்க, வாசல்ல யாரோ வரைஞ்சு வெச்சிருக்காங்க. பதினஞ்சாயிரம் வருஷம் ஆச்சு!"

அவள் குனிந்து பார்த்தாள். "யாரோ இல்ல. பொம்பளைதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எந்த ஆம்பளை வாசலுக்கு வண்ணம் பூசியிருக்கான்?"

மாணவர்கள் சிரித்தார்கள். புரொபசர் சிரிக்கவில்லை, குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். உலியானாவின் பேச்சை அதுவரை யாரும் எழுதிக்கொண்டதில்லை.

மண் ஓட்டை அங்கே பெயர்க்க வேண்டாம், வசந்தத்தில் லாரி வரும்போது நானே பக்குவமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார் புரொபசர். ஒரு மாணவன் படம் பிடித்தான். அது மழையில் வெறும் மூட்டமாகத்தான் வந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. மண்டையோட்டைத் தாளில் சுற்றிக் கூட்டுப்பண்ணையின் பழைய விதைக்கிடங்கில் வைத்துப் பூட்டிச் சாவியை உலியானாவிடம் கொடுத்தார்.

"பனி, எலி, பசங்க. இந்த மூணும் கிட்ட வரக் கூடாது."

கழுவக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அந்தப் படித்த தலைக்குத் தோன்றவில்லை. கீவில் பிறந்தவருக்கு எங்கள் ஊரின் பெரிய வியாழனைப் பற்றி என்ன தெரியும்?

ஈஸ்டருக்கு முந்தின அந்த வியாழக்கிழமை எங்கள் பக்கத்தில் கழுவும் நாள். சாமியே இல்லை என்கிற கட்சிக்காரர் வீட்டிலும் அன்றைக்கு வாளிச் சத்தம் கேட்கும். தட்டு, முட்டு, பெஞ்சு, ஜன்னல், நாய் வீடு எதையும் விடமாட்டார்கள். அந்த வருஷம் சனிக்கிழமை லாரி வருகிறது, கீவிலிருந்து பெரிய ஆட்கள் கூட வருகிறார்கள் என்று தகவல். உலியானா வீட்டைக் கழுவி முடித்துவிட்டுச் சாம்பல் கரைத்த வெந்நீர் வாளியோடு கிடங்குக்குப் போனாள்.

எலி முந்திக்கொண்டிருந்தது. தாளைக் கொறித்து, நெற்றியெல்லாம் புழுக்கை, மூத்திரக் கறை. அவளுக்கு மானம் போன மாதிரி இருந்தது. வாத்துச் சிறகால் மெல்லத் தட்டினாள். குளிர்காலம் முழுக்கக் காய்ந்து கிடந்த மண் ஓடு ஒரே பெயர்ப்பாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் முழு நெற்றியும் தெரிந்தது. சிவப்புக் கோடுகள், கீழிருந்து மேலாக, வரிசையாக. அவற்றைச் சுற்றிப் புள்ளிகள். உலியானா வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு அழகாக இருந்தது. அந்த வீட்டுக்காரிக்குப் பிறகு அதை முழுசாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அதோடு பூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? எலிக் கறை கண்ணை உறுத்தியது. இத்தனை ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் போகாதது, அக்டோபர் மழையிலும் போகாதது, ஒரு ஈரத்துணிக்கா போகப்போகிறது என்று நினைத்தாள். ஓரத்தில் துணியை வைத்தாள். சாம்பல் தண்ணீர் வழிந்து இறங்கியது. துணியைத் திருப்பிப் பார்த்தால் சிவப்பு. பதறிப்போய் வழிகிற தண்ணீரை ஒற்றி எடுக்கப்போக, ஒற்றின இடமெல்லாம் துணியோடு வந்தது. நாலு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை, எலும்பு சுத்தமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பனாஸ் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நான் செத்தேன் பனாஸ்."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் ஒரே கேள்விதான் கேட்டான். "யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப நீ சாகல. மூச்சு விடாத. அரசாங்கச் சொத்துடி அது. பதினஞ்சாயிரம் வருஷத்துக் குத்தத்துக்கு எவ்வளவு வருஷம் போடுவான்னு யாருக்குத் தெரியும்?"

பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது: சேற்றில் மண்டி போட்ட அந்த மனுஷர் சனிக்கிழமை வந்து வெறும் எலும்பைப் பார்க்கிற முகம். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஓடைக்கரைக்குப் போய்ச் செம்மண் எடுத்தாள். சுவரில் ஒட்ட என்ன செய்வாளோ அதையே செய்தாள். ஆடை எடுத்த பாலில் குழைத்தாள். கிடங்கைச் சாத்திக்கொண்டு விரலால் வரைந்தாள். ஏழு கோடா, எட்டா? ஏழு போட்டதும் குறைவது மாதிரி இருந்தது. எட்டாவதையும் போட்டாள். காய்ந்ததும் மேலே மண்ணை அப்பி, பழைய ஓடு மாதிரி ஆக்கினாள்.

சனிக்கிழமை புரொபசர் தானே அந்த மண்ணைப் பெயர்த்தார். கீழே கோடுகளைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "நல்லா காப்பாத்துனீங்க, உலியானா மக்சிமிவ்னா," என்று அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சாம்பல் தண்ணீரில் வெந்துபோயிருந்த அந்தக் கைகளை இழுத்துக்கொள்ளவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

மண்டையோடு கீவுக்குப் போய்க் கண்ணாடிக்குள் உட்கார்ந்தது. இரண்டு வருஷம் கழித்து அதைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. ஹோர்பினா அதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

"முதல் பக்கத்துல உன் பேரு குமா! 'இதைக் காத்துத் தந்த உலியானா மக்சிமிவ்னாவுக்கு'ன்னு அச்சுல போட்டிருக்கான். எலும்பு என் கொல்லையில, பேரு உனக்கு! நல்ல நியாயம்!"

அட்டையில் மண்டையோட்டின் படம். எட்டுக் கோடு, எட்டுக் கொக்கி. உள்ளே புரொபசர் மூன்று பக்கம் எழுதியிருந்தார்: அவை தீயின் எட்டு நாக்குகளாம், நுனி வளைந்திருப்பது காற்றில் சாய்கிற சுடராம். அம்மா கையைச் சுண்டியதற்கு இப்படி ஒரு பொழிப்புரை. உலியானா புத்தகத்தை மாவுப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அந்த ஈஸ்டருக்குக் குழைத்த செம்மண்ணைக் கொல்லையில் கொட்டினாள். சுவரை வெறுமையாகவே விட்டுவிட்டாள்.

"குமா, பாவாடை எங்க?" என்று ஹோர்பினா வேலிக்கு அப்பாலிருந்து கத்தினாள். ஊரே சிரித்தது. உலியானாவுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தி வாசலில் போட்ட கோலத்தை அழித்துவிட்டுத் தன் கையைப் பதித்துவிட்டு வந்த மாதிரி நாளெல்லாம் மனசு அரித்தது.

எழுபத்திரண்டு ஜூனில் புரொபசர் வந்தார். வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறாராம், உலகத்து நிபுணர்கள் முன்னால் இந்த எட்டுக் கோட்டைப் பற்றித்தான் பேசப்போகிறாராம். உலியானா செர்ரி வைத்த கொழுக்கட்டை அவித்து வைத்தாள். அவர் நாலு சாப்பிடும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"அர்சேனி விக்தோரொவிச், அங்க பேசாதீங்க. அது நான் போட்டது."

"எது?"

"கோடு. பழசை நான் கழுவிட்டேன். எலி அசிங்கம் பண்ணியிருந்துச்சு. அப்புறம் பயந்துபோய் நானே வரைஞ்சேன்."

அவர் சிரித்தார். பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க. சோதனைச்சாலையிலயே பாத்தாச்சு. இந்த ஓடையோட பழைய செம்மண்தான் அது."

"நானும் இந்த ஓடையிலதான் எடுத்தேன்."

அடுப்படியில் நின்றிருந்த பனாஸ், "வாய மூடுடி," என்றான் மெல்ல. அவள் மூடவில்லை.

"ஆடை எடுத்த பால்ல குழைச்சேன். இல்லாட்டி உதிர்ந்துடும்."

புரொபசரின் முள்கரண்டி அப்படியே நின்றது. வண்ணத்தில் ஏதோ விலங்குப் பொருள் கலந்திருக்கிறது என்று சோதனைச்சாலை எழுதியிருந்தது. அது எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு, ஆதி மனிதரின் நுட்பம் என்று அவர் தனி அத்தியாயமே எழுதியிருந்தார்.

"பால்," என்றார். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "முன்னாடி எத்தனை கோடு இருந்துச்சு?"

"ஏழு. இல்லாட்டி எட்டு. சத்தியமாத் தெரியல."

"கொக்கி இருந்துச்சா?"

"அது எங்கம்மாவோடது. அங்க இருந்துச்சான்னு... என் கண்ணுக்கு இப்ப நான் போட்டதுதான் தெரியுது."

"மூணு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப ஏன் சொல்றீங்க?"

"ஊரு உலகமெல்லாம் அந்த எலும்பு வீட்டுக்காரியப் பாக்கப் போகுது. பாக்கிறது என்னையா இருக்கக் கூடாது."

அவர் எழுந்து போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டார். பனாஸ் அதை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினான். திரும்பி வந்து இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. தெருவில் எந்த ஜீப் சத்தம் கேட்டாலும் எழுந்து ஜன்னலுக்குப் போவான். ஜீப் ஒன்றும் வரவில்லை.

டிசம்பரில் கடிதம் வந்தது. பசை கெட்டியாக ஒட்டியிருந்ததால் ஹோர்பினாவுக்கு அதைப் பிரிக்க முடியவில்லை. புரொபசர் மாநாட்டுக்குப் போகவில்லை. தவறு நடந்துவிட்டது, பொறுப்பு தன்னுடையது என்று தானே எழுதிக்கொடுத்துவிட்டார். உலியானாவின் பெயரை எங்கும் சொல்லவில்லை. இப்போது வேறு துறையில் ஏதோ பட்டியல் எழுதும் வேலை. மண்டையோட்டை நிலவறைக் கிடங்குக்கு இறக்கிவிட்டார்கள். அதற்கு முன்னால், அடியில் பழைய வண்ணம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, அவள் போட்டதை மெதுவாகக் கழுவி எடுத்தார்களாம். ஒன்றும் இல்லையாம்.

கடைசியில் இப்படி இருந்தது: 'அதை முழுசாகப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் ஞாபகத்தில் இருப்பதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை. நிதானமாக யோசித்து வரைந்து அனுப்புங்கள். உங்கள் அம்மாவுடையது இல்லாமல்.' கூடவே நல்ல கனமான வெள்ளைத் தாள் ஐந்து இருந்தது.

உலியானா முதலில் பழைய செய்தித்தாளில் வரைந்து பழகினாள். ஒவ்வொரு கோடும் நுனியில் இடப்பக்கம் சுண்டிக்கொண்டது. இடது கையால் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். கொக்கி விழாமல் கையை இறுக்கிப் பிடித்தால், அந்தக் கோடு யாருடையதாகவும் இல்லை. வேலிக் குச்சி மாதிரி இருந்தது. புள்ளிகள் எங்கே இருந்தன? கோடுகளுக்கு வலப்பக்கமா, சுற்றியா? பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. எதைப் பார்த்து என்பதுதான் இல்லை. ஜனவரி முழுக்க அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அழுதாள்.

பனாஸுக்கே பொறுக்கவில்லை. "எட்டுக் கோட்டைப் போட்டு அனுப்பித் தொலையேன். அந்த மனுஷனாவது சந்தோஷப்படட்டும்."

"ஒரு தடவை அப்படித்தான் போட்டேன்," என்றாள்.

பிப்ரவரியில் ஐந்து தாளையும் வந்தபடியே மடித்து, பதிவுத் தபாலில் அனுப்ப எடுத்துக்கொண்டு போனாள். ஹோர்பினா உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே எழுதலையே குமா! வெறும் தாளுக்கா பதிவுத் தபால்?"

தபால் அறையில் ரொட்டி வண்டிக்குக் காத்திருந்த நாலு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உலியானா தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"அதுல இருந்தத நான்தான் கழுவிட்டேன் குமா," என்றாள். "உன் கொல்லையில எடுத்த மண்டையோட்ட. பெரிய வியாழக்கிழமை, சாம்பல் தண்ணி ஊத்தி. புத்தகத்துல இருந்தது நான் போட்டது. போ, எல்லார்கிட்டயும் சொல்லு."

ஹோர்பினா உறையை மேசையில் வைத்து முத்திரை குத்தினாள்.